சர்வரை அப்கிரேட் செய்ததும் தளம் ஏன் விழுகிறது?

நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. சர்வரில் இருந்த மென்பொருள் மட்டும் புதுப் பதிப்புக்குப் போனது. இப்போது முகப்புப் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் எழும் சந்தேகம் புதுப் பதிப்பின் மேல்தான்: ஏதோ பிழையோடு வெளியிட்டுவிட்டார்கள். அப்படியும் நடப்பதுண்டு, ஆனால் குறைவு. பெரும்பாலும் பழைய சர்வர் கேட்காமலேயே செய்துகொடுத்த ஏதோ ஒன்றை நம்பித்தான் செயலி ஓடிக்கொண்டிருந்திருக்கும். அது எந்த கான்ஃபிக் (அமைப்புகளை எழுதி வைக்கும்) கோப்பிலும் இருக்காது, யாரும் குறித்து வைத்திருக்கவும் மாட்டார்கள். புதுப் பதிப்பு அந்த உதவியை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். ஆகவே அப்கிரேடுக்குப் பிறகு பழுது தேடுவது என்றால், பாதிக்கு மேல், சத்தமில்லாமல் மாறிப்போன ஓர் இயல்புநிலையைத் தேடுவதுதான்.

இதற்கு அப்பாச்சி என்ற வலைச்சர்வர் மென்பொருளை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 2012 பிப்ரவரியில் அப்பாச்சி 2.4 வந்தபோது, யாரை உள்ளே விடுவது, யாரை மறுப்பது என்று எழுதும் முறையே மாறியது. 2.2 வரை ஆர்டர், அலவ், டினை என்று மூன்று கட்டளைகள். 2.4-இல் ரெக்வயர் என்ற ஒன்றே போதும். பழைய கட்டளைகளைப் புரிந்துகொள்ள மாட் ஆக்சஸ் காம்பாட் என்ற துணை மாட்யூல் ஒன்று இருக்கிறது. அது இல்லாத சர்வரில் பழைய கட்டளை கண்ணில் பட்டால் அப்பாச்சி எழுந்திருக்கவே மறுக்கும். இருந்தால் வேறு தொல்லை: ஒரு கோப்பில் பழைய கட்டளை, இன்னொன்றில் புதியது என்று கலந்துவிட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்வது கடினம். 403, அதாவது 'அனுமதி இல்லை', வந்து நிற்கும்.

இது சத்தம் போட்டு உடைகிற வகை, சமாளித்துவிடலாம். அதே பதிப்பில் இன்னொரு மாற்றம் ஓசையின்றி வந்தது. அலவ்ஓவர்ரைடு என்ற அமைப்பின் இயல்புநிலை 'ஆல்' என்பதிலிருந்து 'நன்' ஆனது. அதாவது, கோப்புறைகளுக்குள் கிடக்கும் எச்டிஆக்சஸ் கோப்புகளை, படி என்று நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, அப்பாச்சி இனி திறந்துகூடப் பார்க்காது. முகப்பு வரும், உள்ளே எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் 404, அதாவது 'அந்தப் பக்கம் இல்லை'. சுருக்கமான முகவரிகளை உள்ளே இருக்கும் உண்மையான கோப்புக்குத் திருப்பிவிடும் ரீரைட் விதிகள் அந்தக் கோப்பில்தானே இருந்தன. சரி, 404 வந்தாவது விஷயம் தெரிந்துவிடுகிறது. நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லும் அதே மாதிரி ஓர் எச்டிஆக்சஸ் கோப்பில் இருந்திருந்தால்? அந்தப் பக்கம் இப்போது எல்லோருக்கும் திறக்கிறது, எந்த லாகிலும் (நிகழ்வுப் பதிவுக் கோப்பிலும்) எரர் இல்லை. திறக்க வேண்டியது திறக்கிறதா என்று அப்கிரேட் முடிந்ததும் எல்லோரும் பார்க்கிறோம். மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் இயங்குதளங்களில் இன்னொன்றும் உண்டு. 2.4 வந்ததிலிருந்து அங்கே ஒவ்வொரு தளத்துக்குமான கோப்பின் பெயரும் கான்ஃப் என்ற ஒட்டோடு முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் அப்பாச்சி குறை சொல்லாது, அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். உங்கள் தளம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் சிரிக்கும்.

பதில் சொன்னது யார்?

கூகுளில் எரர் வாக்கியத்தை ஒட்டித் தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இந்த எரரை அனுப்பியது எந்த அடுக்கு? உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை முன்னால் நிற்கும் வலைச்சர்வர், என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ, வாங்குகிறது. அது பின்னால் செயலியின் நிரலை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம் (பிஎச்பிக்கு), டாம்கேட் (ஜாவாவுக்கு), குனிகார்ன் (பைத்தானுக்கு) மாதிரி ஒன்றிடம் தள்ளுகிறது. அது டேட்டாபேஸைக் கேட்கிறது, சில சமயம் வெளியே இருக்கும் இன்னொரு சேவையையும் கேட்கிறது. எங்கே முறிந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒரே "தளம் வேலை செய்யவில்லை"தான்.

எச்டிடிபி எண்ணே பாதி விடை சொல்லிவிடும். 502 என்றால் முன்னால் நிற்பவர் நலம், பின்னால் இருப்பவரிடமிருந்து ஒழுங்கான பதில் இல்லை. உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்குப் போனவர்களில் பலர் பார்த்தது இதைத்தான். முதலாவதில் பிஎச்பி 7.4, இரண்டாவதில் 8.1. எஃப்பிஎம் காது கொடுக்கும் சாக்கெட் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் இன்னும் 7.4 என்று இருந்தால், இல்லாத கதவைத்தான் அது தட்டிக்கொண்டிருக்கும். எரர் லாகில் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று சாக்கெட்டின் முழுப் பாதையோடு எழுதியிருக்கும். ஓர் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது.

504 என்றால் பின்னால் இருப்பவர் உயிரோடுதான் இருக்கிறார், நேரத்துக்குள் பதில் தரவில்லை. டேட்டாபேஸ் பக்கம் திரும்புங்கள். 500 என்றால் பெரும்பாலும் செயலி ஓடத் தொடங்கி நடுவில் விழுந்திருக்கிறது. 413 வந்தால் கோப்பு ஏற்றும் அளவு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க, கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் என்ற கருவி போதும். சர்வருக்குள்ளேயே நின்றுகொண்டு பின்னணிச் சேவையின் போர்ட்டை நேராகக் கேளுங்கள். அங்கே பதில் ஒழுங்காக வந்தால் செயலியைத் தோண்டுவதில் பயனில்லை. வரவில்லையென்றால் ஃபயர்வால், டிஎன்எஸ், சான்றிதழ் என்று அலைய வேண்டியதில்லை.

அப்புறம் லாக். இதில் இரண்டு பழக்கங்கள் நேரத்தைத் தின்கின்றன. ஒன்று, கடைசி வரியைப் படிப்பது. லாகின் கடைசி வரிகளை மட்டும் தரும் டெயில் கட்டளை காட்டுவது விளைவுகளை. ஒரு மாட்யூல் ஏறாமல் போனதால் நூறு எரர் வரலாம். சேவையை ரீஸ்டார்ட் செய்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த முதல் எரரிலிருந்து படிப்பதுதான் சரி. இன்னொன்று, லாக் காலியாக இருந்தால் கைவிடுவது. காலியாக இருப்பதும் ஒரு தகவல்: கோரிக்கை அந்த அடுக்கை எட்டவே இல்லை, அல்லது அந்த அடுக்கு வேறெங்கோ எழுதுகிறது. பிஎச்பியில் அந்த வெள்ளைத் திரை வருவதே திரையில் எரர் காட்டாதே என்று அமைத்திருப்பதால்தான். அந்த அமைப்பு சரியானது, மாற்ற வேண்டாம். எரர் லாகுக்குப் போகிறதா என்பதை மட்டும் பாருங்கள். எஃப்பிஎம்முக்குத் தனி லாக், வலைச்சர்வருக்குத் தனி லாக், மீதி, லினக்ஸில் சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜர்னலில்.

கட்டளை வரியில் ஓடுகிறது, உலாவியில் ஓடவில்லை

பிஎச்பி அப்கிரேடில் சத்தமாக உடைபவை எளியவை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் நீக்கப்பட்டன. எம்கிரிப்ட் என்ற குறியாக்க நீட்சி 7.2-இல் வெளியே போனது. ஈச், கிரியேட் ஃபங்ஷன் இரண்டும் 8.0-இல் இல்லை. இவை எல்லாமே கோப்பின் பெயரும் வரி எண்ணும் சொல்லிவிட்டு விழும். திருத்துவது அலுப்பான வேலை, ஆனால் புதிர் அல்ல.

குழப்புவது வேறொன்று. "அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை" என்று எரர் வந்தால் அது மொழியிலிருந்தே நீக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. டெபியன் வகைகளில் எம்பிஸ்டிரிங், எக்ஸ்எம்எல், கர்ல், மைஎஸ்க்யூஎல் போன்ற நீட்சிகள் ஒவ்வொரு பிஎச்பி பதிப்புக்கும் தனித்தனிப் பொதிகள். 7.4-க்குக் கைப்பட நிறுவியவை 8.1-க்குத் தானாகக் கூடவே வரும் என்று நம்ப முடியாது. நிரலைத் திறப்பதற்கு முன் பொதியைப் பாருங்கள்.

அதேபோல் ஒவ்வொரு பதிப்புக்கும் அமைப்புகளுக்கான தனி ஐஎன்ஐ கோப்பு. போதாததற்கு, கட்டளை வரிக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு ஒன்று. பழைய பதிப்பின் கோப்புறையில் நீங்கள் வருடக்கணக்கில் செய்த திருத்தங்கள் அங்கேயே பத்திரமாக இருக்கும். அவற்றைப் படிக்கத்தான் ஆள் இல்லை. புதுப் பதிப்பு தன் இயல்புநிலையோடு எழுந்திருக்கும்: ஏற்றும் கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் போஸ்ட்டுக்கு 8 எம்பி. என்ஜின்எக்ஸின் கான்ஃபிக்கையும் புதிதாக எழுதியிருந்தால் அதன் பங்குக்கு 1 எம்பி வரம்பு. மேலே சொன்ன 413 அங்கிருந்து வருவது. என்ஜின்எக்ஸ் வரம்பை உயர்த்தியதும் 413 போய்விடும், கோப்பு மட்டும் ஏறாது. ஏனென்றால் அடுத்த வரம்பு பிஎச்பியில் காத்திருக்கிறது. கட்டளை வரியில் பிஎச்பியைக் கேட்டு "வரம்பு சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்பவர் வேறொரு ஐஎன்ஐ கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எஃப்பிஎம் வழியாக ஓடும் ஒரு பக்கத்தில், அமைப்புகளையெல்லாம் காட்டும் பிஎச்பி இன்ஃபோவைப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள்.

பைத்தானிலும், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோடிலும் இதே கதை, சுருக்கமாக. இயங்குதளத்தோடு பைத்தான் 3.10-இலிருந்து 3.12-க்குத் தாவினால் செயலிக்கென்று லைப்ரரிகளை வைத்திருக்கும் பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வெறும் கூடு, லைப்ரரிகள் 3.10 என்று பெயர் போட்ட கோப்புறையில் அநாதையாகக் கிடக்கும். பழுது பார்க்காதீர்கள், புதிதாகக் கட்டுங்கள். நோடில் சி, சி++ மொழிகளில் எழுதிய பகுதி உள்ள மாட்யூல்களை மறுபடி பில்ட் செய்ய வேண்டும். ஜாவா பக்கம் டாம்கேட் 9-இலிருந்து 10-க்குப் போனால் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் வகுப்புகள் எல்லாம் ஜகார்த்தா என்று ஆகிவிட்டன. பழைய செயலி அந்தப் பெயர்களை மாற்றாமல் ஓடாது, விவாதமே இல்லை. டாம்கேட் முன்னால் அப்பாச்சியை ஏஜேபி என்ற இணைப்பு நெறிமுறை வழியாக இணைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: 2020-இல் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு, 9.0.31-இலிருந்து ஏஜேபி ரகசியச் சொல் ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கிறது. சிறு பதிப்புதானே என்று ஏற்றியவர்களின் தளமும் அதனால் விழுந்தது.

டேட்டாபேஸ்: பொறுமை வேண்டிய இடம்

மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து 8.0-க்கு வருவது, என் பார்வையில், ஒரு வலைச்செயலிக்கு வரக்கூடிய அப்கிரேடுகளில் மிகக் கவனம் தேவைப்படுவது. 8.0 பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2018 ஏப்ரலில். சர்வர் எழுந்திருக்கவே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது கான்ஃபிக்கில் மிச்சமிருக்கும் க்வெரி கேஷ் (கேட்ட க்வெரிகளின் விடைகளைச் சேமித்து வைக்கும் வசதி) வரிகள். அந்த வசதி 8.0-இல் அடியோடு நீக்கப்பட்டது. அதன் பெயர் கான்ஃபிக்கில் இருந்தாலே சர்வர் நின்றுவிடும். எழுந்தது, ஆனால் செயலியால் உள்ளே நுழைய முடியவில்லை என்றால், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை. புதிய பயனர்களுக்கு இயல்புநிலை கேஷிங் ஷா2 ஆனது. பழைய இணைப்பு லைப்ரரிகளுக்கு அது தெரியாது. கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கும், அதைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பதால் ஒன்றும் நடக்காது.

நுழைந்தபின் வருபவை: ரேங்க், க்ரூப்ஸ், சிஸ்டம் போன்ற பெயர்கள் 8.0-இல் ஒதுக்கப்பட்ட சொற்கள். உங்கள் அட்டவணையில் ரேங்க் என்று ஒரு பத்தி இருந்தால், மேற்கோள் குறி போடாத க்வெரிகள் எல்லாம் இலக்கணப் பிழை என்று திரும்பும். 5.5, 5.6 போன்ற பழையவற்றிலிருந்து தாவுபவர்களுக்குக் கூடுதலாக 5.7 கொண்டுவந்த கண்டிப்பும் சேரும்: பூஜ்யத் தேதிகளை ஏற்காது, நீளம் மீறிய எழுத்தை வெட்டி உள்ளே போடாமல் எரர் தரும், க்ரூப் பை பட்டியலில் இல்லாத பத்தியை எடுக்க விடாது. இந்தக் கண்டிப்பைத் தீர்மானிக்கும் எஸ்க்யூஎல் மோடைத் தளர்த்தினால் இவை மறையும். தற்காலிகமாகச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் நீளம் மீறியதை இத்தனை நாளும் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தது என்ற செய்தியை அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறீர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எரரே தராத ஒரு மாற்றமும் 8.0-இல் உண்டு. 5.7 வரை, க்ரூப் பை போட்டால் முடிவுகள் அதே வரிசையில் அடுக்கியும் வந்தன. ஆர்டர் பை எழுதத் தேவையிருக்கவில்லை, ஆகவே பலர் எழுதவில்லை. 8.0 அந்த இலவச அடுக்கலை நிறுத்திவிட்டது. மாதவாரிக் கணக்கு காட்டும் பக்கம் ஒன்று, முதல் வரியை "முதல் மாதம்" என்று எடுத்துக்கொண்டு மீதியை அதோடு ஒப்பிடுகிறது என்று வையுங்கள். பக்கம் திறக்கிறது. எண்கள் வருகின்றன. தவறான எண்கள். இதை எந்த லாகும் சொல்லாது. தெரிந்த விடை உள்ள சில அறிக்கைகளை அப்கிரேடுக்கு முன்பே எடுத்து வைத்து, பிறகு வரிக்கு வரி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்துத் தொகுப்பும் இதே இனம். மைஎஸ்க்யூஎல்லின் பழைய இயல்புநிலை லத்தீன்1, 8.0-இல் யூடிஎஃப்8எம்பி4. எந்தத் தொகுப்பில் பேச வேண்டும் என்று செயலி ஒருபோதும் சொன்னதில்லை என்றால், வருடக்கணக்கில் யூனிகோட் எழுத்துகள் லத்தீன்1 என்ற பெயரில் உள்ளே போய், அதே பெயரில் வெளியே வந்திருக்கும். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. இணைப்பின் இயல்புநிலை மாறியதும் ஒரு தவறு மட்டும் மிஞ்சுகிறது, ஆங்கிலம் தவிர மற்ற எழுத்துகள் எல்லாம் கிறுக்கலாக வருகின்றன. இங்கே அவசரப்பட்டு அட்டவணையை நேராக யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால் கிறுக்கல் நிரந்தரமாகிவிடும். பத்தியை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அதிலிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுவருவதே வழி. அப்போதுதான் பைட்டுகளில் கை வைக்காமல் பெயர்ப்பலகை மட்டும் மாறும். நகலில் செய்து பார்த்துவிட்டு.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வேறு விதமாகச் சோதிக்கும். பிஜி அப்கிரேட் கருவி வழியாகப் பெரிய பதிப்பு மாறியதும் எல்லாம் சரியாக ஓடும், ஆனால் மெதுவாக. க்வெரிக்கு எந்த வழி நல்லது என்று தீர்மானிக்க உதவும் புள்ளிவிவரங்களைப் பழைய பதிப்புகளில் அந்தக் கருவி கொண்டுவராது. அனலைஸ் கட்டளையை ஓட்டினால் வேகம் திரும்பிவிடும். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்புதான் புள்ளிவிவரங்களையும் கூடவே எடுத்துவரத் தொடங்கியது. இது தெரியாமல் சர்வருக்கு ரேம் வாங்கிப் போட்டவர்கள் இருப்பார்கள்.

அதைவிட மோசமானது போஸ்ட்கிரெஸ்ஸைத் தொடாமலே வரும் பழுது. இயங்குதளத்தை மட்டும் அப்கிரேட் செய்கிறீர்கள். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி), எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதிகளைப் பெரிதாக மாற்றியது. டெபியன் 10, ரெட்ஹேட் 8 ஆகியவற்றில் அந்த லைப்ரரி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் எழுத்து இன்டெக்ஸ்கள் (தேடுவதை விரைவாக்கும் பட்டியல்கள்) பழைய வரிசையில் கட்டப்பட்டவை. தேடுவது புதிய வரிசையில். அட்டவணையில் கண்முன் இருக்கும் பயனரைத் தேடினால் கிடைக்கவில்லை. தனித்தன்மை வேண்டும் என்று கட்டுப்பாடு போட்ட பத்தியில் ஒரே பெயர் இரண்டு முறை ஏறிவிடுகிறது. பிஎச்பியிலோ பைத்தானிலோ எவ்வளவு தோண்டினாலும் காரணம் கிடைக்காது. டம்ப் (தரவின் முழு ஏற்றுமதி நகல்) எடுத்துப் புதிதாக ஏற்றியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, தரவுக் கோப்புறையை அப்படியே கொண்டுவந்தவர்கள் ரீஇன்டெக்ஸ் ஓட்ட வேண்டும்.

பிஎச்பியிலும் இந்த அமைதியான வகைக்கு ஒன்று உண்டு. 2020 நவம்பரில் வந்த 8.0-க்கு முன், எண் 0-ஐயும் எழுத்துச் சரம் ஒன்றையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், சரம் எண்ணாக மாற்றப்படும். எண்ணாக மாறாத எந்தச் சரமும் பூஜ்யம்தான். ஆகவே "பெண்டிங்" என்ற சொல்லும் 0-வும் சமம். காலிச் சரமும் 0-வும் சமம். 8.0-இல் இரண்டும் சமமில்லை. இது நல்ல மாற்றம், பழைய நடத்தைதான் விபரீதம். ஆனால் படிவத்தில் காலியாக விட்ட பெட்டியை "பூஜ்யமா" என்று கேட்டே தள்ளிவிட்டுக்கொண்டிருந்த செயலி இப்போது அதை உள்ளே விடும்.

அனுமதி சரி, ஆனாலும் மறுப்பு

கோப்பின் உரிமையாளர் சரி, அனுமதி எண்கள் சரி, லாகில் "பெர்மிஷன் டினைட்". ரெட்ஹேட் வழி வந்த இயங்குதளங்களில் இப்படி வந்தால் எஸ்இலினக்ஸை நினைக்க வேண்டும். வலைச்சர்வர் வெளியே இணைப்பு எடுப்பதற்கே தனி அனுமதி கேட்கும் அமைப்பு அது. மறுத்தவற்றில் பெரும்பாலானவற்றை ஆடிட் லாகில் காரணத்தோடு எழுதி வைத்திருக்கும். சில நிமிடங்களுக்கு, மறுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பர்மிசிவ் நிலைக்கு மாற்றிப் பார்த்தால் சந்தேகம் தீரும், பிறகு திரும்ப முடுக்கிவிட்டு உரிய அனுமதியை மட்டும் கொடுக்கலாம். இந்தக் கட்டத்தில் 777 அனுமதி போடும் வழக்கத்தை யார் பரப்பினார்களோ தெரியாது. எஸ்இலினக்ஸ் மறுப்பதை அது ஒருநாளும் தீர்க்காது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற புதுப் பிரச்சினையை மட்டும் உண்டாக்கும்.

சிஸ்டம்டியும் இதில் பங்காளி. புதிய பதிப்புகளில் பல சேவைகள் தனக்கென ஒரு தனி டெம்ப் கோப்புறையோடு ஓடுகின்றன. செயலி எழுதிய கோப்பை அதே பாதையில் நீங்கள் தேடினால் இருக்காது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் வழியாக ஓடும் ஸ்கிரிப்ட்டும் வலைச்செயலியும் டெம்ப் மூலமாகக் கோப்பு பரிமாறிக்கொண்டிருந்தால் அப்கிரேடோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

வெளியே பேசும் பக்கமும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 என்ற குறியாக்க லைப்ரரி பழைய குறியாக்க முறைகள் பலவற்றை ஓரம்கட்டியது. அடுத்த மாதம் நோட் 17 அதைச் சேர்த்துக்கொண்டதும், எம்டி4 என்ற பழைய முறையைப் பயன்படுத்திக்கொண்டிருந்த வெப்பேக் 4 என்ற பில்ட் கருவியில் பில்ட்கள் எல்லாம் நின்றன. அது நிரலாளர் மேசையிலேயே தெரிந்துவிடும். தெரியாதது, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் நெறிமுறையில் பழைய பதிப்பு மட்டும் பேசத் தெரிந்த ஒரு தொலைதூரச் சேவையோடு உங்கள் சர்வர் இனி பேச மறுப்பது. பக்கங்கள் எல்லாம் நன்றாக ஓடும், மின்னஞ்சல் மட்டும் போகாது, பணம் கட்டியதற்கான உறுதிச் செய்தி மட்டும் வராது. பயனர் புகார் சொல்லும்வரை மௌனம்தான்.

ஒருவருக்கு மட்டும் எரர் வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை என்றால் பழைய செஷன் அல்லது பழைய கேஷ். தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள், தொகுத்து வைத்த டெம்ப்ளேட் கோப்புறையைக் காலி செய்யுங்கள்.

தாமதமாக வரும் பழுது

அப்கிரேட் செய்த அன்று எதுவும் ஆகாமல் பல வாரங்கள் கழித்து, யாரும் எதையும் தொடாதபோது தளம் விழுவதும் உண்டு. டிஸ்க்கில் லைப்ரரி மாறினாலும், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் நினைவகத்தில் ஏற்றிய பழையதையே வைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போய் சர்வர் ரீபூட் ஆகும் நாளில்தான் புதியது முதல்முறையாக ஏறுகிறது. அதற்குள் அப்கிரேட் நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. அப்கிரேடின் கடைசிப் படியாக, கண்காணிப்பில் இருக்கும்போதே, நீங்களே ஒருமுறை ரீபூட் செய்துவிடுவது நல்லது. கான்ஃபிக் கோப்புகளும் அப்படியே: அப்கிரேட் நடக்கும்போது "உங்களுடையதை வைக்கவா, புதியதைப் போடவா" என்று கேட்டதற்கு அவசரத்தில் ஒரு பொத்தானை அழுத்தியிருப்போம் (ரெட்ஹேட் வகைகள் கேட்காமலேயே முடிவெடுத்துவிடும்). மற்றதை டிபிகேஜி டிஸ்ட், டிபிகேஜி ஓல்டு, ஆர்பிஎம் நியூ, ஆர்பிஎம் சேவ் என்ற ஒட்டுகளோடு பக்கத்திலேயே விட்டு வைத்திருக்கும். அவற்றைத் தேடியெடுத்து டிஃப் போட்டு (வித்தியாசங்களை ஒப்பிட்டு) பார்ப்பது, பழுது தேடுவதில் செலவழிக்கும் நேரத்தில் மிகப் பயனுள்ள சில நிமிடங்கள்.

திரும்பிப் போகலாமே என்றால், எல்லாவற்றிலும் முடியாது. மைஎஸ்க்யூஎல் 8.0 ஒருமுறை தரவுக் கோப்புறையைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் 5.7 அதைத் திறக்காது. முன்பே எடுத்த டம்ப் இருந்தால் உண்டு, இல்லையென்றால் முன்னோக்கித்தான் போக வேண்டும். அப்படிப் போகையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தபோது பிஎச்பி 5.4-இலிருந்து நேராக 8-க்குத் தாவியவர்கள் உண்டு. வலைச்சர்வர், மொழி, டேட்டாபேஸ், இயங்குதளம் நான்கும் ஒரே இரவில் மாறினால் எது காரணம் என்று பிரித்தெடுக்க வழியே இல்லை. பழைய சர்வரை அணைக்காமல், பக்கத்தில் புதியதை எழுப்பி, இடைப்பட்ட பதிப்புகள் வழியாக ஏறிவந்தால் ஒவ்வொரு படியிலும் எது உடைந்தது என்று தெரியும்.

தற்காலிகமாகக் கொடுத்த ஊன்றுகோல்களையும் குறித்து வைக்க வேண்டும். 2018-இல் புதிய கடவுச்சொல் முறை பிடிக்காமல் மைஎஸ்க்யூஎல் நேட்டிவ் பாஸ்வேர்டு என்ற பழைய முறைக்குத் திரும்பியவர்கள் நிறைய. 2024 ஏப்ரலில் வந்த 8.4-இல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டு வந்தது, ஜூலையில் வந்த 9.0-இல் நீக்கப்பட்டே விட்டது. அதே பழுது, ஆறு வருடம் கழித்து.

உடையப்போவதில் ஒரு பகுதியைப் பழைய பதிப்பே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்பதையும் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. மைஎஸ்க்யூஎல் ஷெல்லில் அப்கிரேடுக்கு முன் சோதிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ஒதுக்கப்பட்ட சொற்கள், பூஜ்யத் தேதிகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தரும். பிஎச்பி இன்னும் வெளிப்படை. பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 7.0 நீக்கியது 2015-இல், ஆனால் 2013-இல் வந்த 5.5-இலிருந்தே அவை டேட்டாபேஸோடு இணையும் ஒவ்வொரு முறையும் "இது போகப்போகிறது" என்று எச்சரித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் நிஜச் சர்வர்களுக்கென்று பிஎச்பியோடு வரும் மாதிரி ஐஎன்ஐ கோப்பு அந்த வகை எச்சரிக்கையை அணைத்து வைக்கிறது. அடுத்த அப்கிரேடுக்குச் சில வாரங்கள் முன்னால் அதை முடுக்கி, திரையில் காட்டாமல் லாகுக்கு மட்டும் அனுப்பும்படி வைத்தால், திருத்த வேண்டிய வரிகளில் பெரும்பகுதி கோப்புப் பெயரோடும் வரி எண்ணோடும் அங்கே சேர்ந்திருக்கும்.